திருகோணமலை விருந்தோம்பல் துறையில் துணைத் தொழில்

திருகோணமலை விருந்தோம்பல் துறையில் துணைத் தொழில் என்பது, வேறொரு பிழைப்பையோ பொறுப்பையோ முதன்மையாகக் கொண்டவர்கள், தங்களுக்கு வசதியான நாட்களில் விடுதிகளிலும் உணவகங்களிலும் ஊதியத்துக்கு உழைக்கும் முறையைக் குறிக்கும். கடற்றொழிலாளர், கமக்காரர், ஓட்டோ ஓட்டுநர், பல்கலைக்கழக மாணவர், வீட்டைப் பார்க்கும் பெண்கள் ஆகியோர் இதில் ஈடுபடுகின்றனர். பேச்சு வழக்கில் இதற்கு ஒரே பெயர் இல்லை. ‘சீசன் வேலை’, ‘நாள் சம்பளம்’, ‘பார்ட் டைம்’ என்று இடத்துக்கு ஏற்பச் சொல்வார்கள். சீசன் காலத்தில் ஆள் கிடைக்காமல் தவிக்கும் விடுதிகளுக்கும், ஆண்டு முழுவதும் ஒரே தொழிலில் தாக்குப்பிடிக்க முடியாத குடும்பங்களுக்கும் இது ஒரே நேரத்தில் கைகொடுக்கக்கூடியது. ஆனால் இந்த உழைப்பு முறையாகப் பதிவாகி, அதற்குரிய உரிமைகளும் கொடுக்கப்படும்போதுதான் அது நிலைத்து நிற்கும்.

இடமும் பின்புலமும்

உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றான திருகோணமலை, 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. துறைமுகமும் அதைச் சுற்றிய சீனக்குடா எண்ணெய்க் குதங்கள், மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை ஆகியவையும் நகரின் மாதச் சம்பள வேலைகளுக்கு அடித்தளம். விருந்தோம்பல் தொழில் நகருக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டி வளர்ந்தது. உப்புவெளி, அதற்கப்பால் நகரிலிருந்து சுமார் 15 கிலோமீற்றர் தொலைவில் நிலாவெளி, இன்னும் வடக்கே குச்சவெளி என விடுதிகள் வரிசையாக அமைந்துள்ளன. கோணேசர் கோயில், பிரெட்ரிக் கோட்டை, கன்னியா வெந்நீர் ஊற்றுகள், 2003இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவு, ஆழ்கடல் திமிங்கிலங்கள் ஆகியவை உல்லாசப் பயணிகளை இங்கே இழுக்கின்றன.

1966இல் இலங்கைச் சுற்றுலாச் சபை நிறுவப்பட்டபின் வகுக்கப்பட்ட முதல் பத்தாண்டுத் திட்டத்தில் கிழக்குக் கரையும் ஒரு சுற்றுலா வலயமாக இடம்பெற்றது. 1983இல் வெடித்த போர் அந்த வளர்ச்சியை முறித்தது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை எஞ்சிய விடுதிகளையும் தாக்கியது. 2009இல் போர் முடிந்த பிறகே முதலீடு பெருமளவில் திரும்பியது. எனவே விடுதித் தொழில் இரண்டு மூன்று தலைமுறையாகக் கைமாறி வந்த தென்கரையோடு ஒப்பிட்டால், இங்கு அனுபவம் உள்ள உள்ளூர் ஊழியர் கூட்டம் உருவாகக் கிடைத்த காலம் குறைவு. இன்றைய ஆள் பற்றாக்குறையின் வேர்களில் இதுவும் ஒன்று.

காற்றும் பருவமும்

திருகோணமலையில் எந்த மாதத்தில் எவ்வளவு வேலை என்பதைக் காற்றுத்தான் முடிவு செய்கிறது. சோளகக் காற்று வீசும் காலத்தில் மேற்கும் தெற்கும் மழையில் நனைய, கிழக்குக் கடல் அமைதியாகிறது. வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழ். மாவட்டத்தின் ஆண்டுச் சுழற்சியைச் சுருக்கமாக இப்படிக் காட்டலாம்:

பெப்ரவரி – மார்ச்: பெரும்போக அறுவடை. விடுதிகளில் பழுதுபார்ப்பு.

ஏப்ரல்: சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. உள்நாட்டுப் பயணிகளின் முதல் பெரிய வரவு.

மே – செப்டெம்பர்: முழுச் சீசன். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் உச்சம். நீர்ப்பாசனம் உள்ள கந்தளாய், தம்பலகாமம் பகுதிகளில் சிறுபோகம். கரைவலைக்கும் இதுவே காலம்.

ஒக்டோபர் – நவம்பர்: மழை தொடங்கும். பெரும்போக விதைப்பு.

டிசெம்பர் – ஜனவரி: வாடை. அறைகள் வெறுமையாகும். தென்கரையில் சீசன் சூடுபிடிக்கும்.

பருவத்துக்கேற்பத் தொழிலோடு இடம்பெயர்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல. சோளகக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்வது பல தலைமுறை வழக்கம். தென்கரை விடுதி ஊழியர்கள் மே மாதத்தில் கிழக்கே வருவதும் அதே வழித்தடத்தில் நடக்கும் நகர்வே. பெரும்போகம் மட்டும் செய்யும் குடும்பத்துக்கு ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கை ஓய்ந்திருக்கும். விடுதிகளுக்கு ஆள் தேவைப்படுவதும் அந்த மாதங்களில்தான்.

ஆள் பற்றாக்குறையின் காரணங்கள்

நாடு முழுவதும் சுற்றுலாத் தொழில் சில ஆண்டுகளில் பெரும் ஏற்ற இறக்கங்களைக் கண்டது. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களையும் பெருந்தொற்றையும் அடுத்து 2021இல் அந்த எண்ணிக்கை 2 இலட்சத்துக்கும் கீழே விழுந்தது. விடுதிகள் மூடப்பட்டன. சமையற்காரர்களும் பரிசாரகர்களும் கட்டட வேலைக்கும் கடைகளுக்கும் ஓட்டோவுக்கும் மாறினர். 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரே ஆண்டில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு சென்றனர். ஹோட்டல் அனுபவம் உள்ளவருக்கு வளைகுடாவிலும் மாலைதீவிலும் எப்போதும் கேள்வி உண்டு. 2024இல் பயணிகள் வரவு மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. பயணிகள் திரும்பிய வேகத்தில் ஊழியர்கள் திரும்பவில்லை.

திருகோணமலையில் இதனுடன் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இங்குள்ள விடுதிகளில் பல, குடும்பங்கள் நடத்தும் சிறிய விருந்தினர் இல்லங்கள். ஐந்து மாத வருமானத்தை வைத்து 12 மாதம் நிரந்தர ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பது அவற்றுக்குப் பெரும் சுமை. சீசன் முடிந்ததும் அனுப்பப்படும் ஊழியரோ அடுத்த மே மாதம்வரை காத்திருப்பதில்லை.

வேலை வடிவங்கள்

துணைத் தொழிலாக நடைபெறும் வேலைகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, நேர அளவு வேலை. காலை உணவுப் பரிமாற்றம், அறை சுத்தம், இரவுச் சாப்பாட்டு நேரம் என நாளின் ஒரு பகுதிக்கு மட்டும் ஆள் தேவைப்படுவது. இரண்டாவது, கிழமை இறுதி வேலை. போயா தினம் வெள்ளியிலோ திங்களிலோ விழுந்து நீண்ட விடுமுறை அமைந்தால் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் குடும்பங்கள் வந்து குவியும். இரண்டு மூன்று நாட்களுக்கு மட்டும் இரட்டிப்பு ஆள் வேண்டும். மூன்றாவது, மே முதல் செப்டெம்பர் வரை நீளும் சீசன் வேலை. நான்காவது, சொந்தத் தொழிலைச் சார்ந்த சேவை. நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடுவது, திமிங்கிலம் காட்டக் கூட்டிச் செல்வது, வீட்டில் சமைத்து விடுதிக்குக் கொடுப்பது ஆகியவை இதில் அடங்கும்.

மூன்று சமூகங்கள் வாழும் மாவட்டம் என்பது இந்த முறைக்கு ஒரு பலம். ரம்ழான், வெசாக், தீபாவளி, கோயில் திருவிழா என ஒருவர் வீட்டில் இருக்க வேண்டிய நாள் மற்றவருக்கு வழக்கமான நாளாக இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து பணிமுறை எழுதும் விடுதியில், யாருடைய பெருநாளும் கெடாமல் வேலை நடக்கும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஊழியரின் மதிய உணவு நேரப் பணியை மற்றவர் ஏற்க, புத்தாண்டன்று மற்றவரின் இடத்தை அவர் நிரப்புகிறார்.

அறை மாறும் நாள்

நெகிழ்வான உழைப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கே விளக்கிவிடும். 20 அறைகள் உள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். தங்கியவர்கள் மதியம் 12 மணிக்கு வெளியேறுகிறார்கள். அடுத்தவர்கள் 2 மணிக்கு வருகிறார்கள். ஓர் அறையை முடிக்க ஒருவருக்கு அரை மணி நேரம் வேண்டும் என்றால், அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவரால் நான்கு அறைகள்தான் முடியும். ஆகவே ஐந்து பேர் தேவை. செவ்வாய்க்கிழமை நான்கு அறைகள் மட்டும் காலியாகும்போது ஒருவரே போதும். மீதி நான்கு பேரைக் கிழமை முழுவதும் வைத்திருக்க விடுதிக்குக் கட்டாது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இல்லாமலும் முடியாது.

அந்த அரை மணி நேரம் எளிதானதல்ல. கடலில் குளித்துவிட்டு வருபவர்கள் காலோடு கொண்டுவரும் மணல் குளியலறைத் தரையிலும், நீர் வடியும் துளையிலும், கட்டில் விரிப்பின் மடிப்பிலும் ஒளிந்திருக்கும். முதலில் விரிப்பை உள்நோக்கிச் சுருட்டி எடுக்க வேண்டும். உதறினால் மணல் மெத்தையில் கொட்டும். பிறகு உலர்ந்த தும்புத்தடியால் கூட்டிய பின்னரே ஈரத்துணி போட வேண்டும். முந்தினால் மணல் சேறாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளை விரிப்பின் மூலைகளைச் சாய்வாக மடித்து மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். “தங்கச்சி, ஞாயிறு ஒருக்கா வரேலுமோ?” என்று விடுதிக்காரர் தொலைபேசியில் கேட்பது இந்தக் கைப்பழக்கத்தைத்தான். இது தேர்ந்த தொழில். ‘சும்மா கூட்டித் துடைக்கிற வேலை’ என்று கணக்கிட்டுக் கூலி பேசுவது அந்தத் தேர்ச்சிக்குச் செய்யும் அநீதி.

ஊதியமும் சட்டமும்

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் மாதச் சம்பளத்தோடு நாட் சம்பளத்துக்கும் கீழ்வரம்பு விதிக்கிறது. 2025 திருத்தத்தின்படி அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஆண்டு இறுதிவரை மாதத்துக்கு 27,000 ரூபாயும் நாளுக்கு 1,080 ரூபாயும் குறைந்தபட்சமாக இருந்தன. விடுதிகளும் அடங்கும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என வேலை நேரத்தை வரையறுக்கிறது.

துணைத் தொழில் செய்வோர் மிகவும் அறிந்திருக்க வேண்டியது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். நிரந்தர ஊழியருடன் தற்காலிக, அமைய ஊழியருக்கும் அது பொருந்தும். ஊழியரின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். 1980இன் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டத்தின்படி முதலாளி இன்னும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒருவர் நாளுக்கு 2,000 ரூபாய்க்கு ஒரு சீசனில் 60 நாள் உழைத்தால் அவர் ஊதியம் 1,20,000 ரூபாய். அதில் அவருடைய 9,600 ரூபாயுடன் முதலாளியின் 14,400 ரூபாயும் சேர்ந்து 24,000 ரூபாய் சேமலாப நிதிக்கும், 3,600 ரூபாய் நம்பிக்கை நிதிக்கும் போக வேண்டும். கையில் காசாக மட்டும் வாங்கிச் செல்பவர் முதலாளியின் 18,000 ரூபாயை இழக்கிறார்.

சேவைக் கட்டணமும் முக்கியமானது. பெரிய ஹோட்டல்கள் பட்டியலில் சேர்க்கும் 10 சதவீதச் சேவைக் கட்டணம் ஊழியர்களிடையே பகிரப்படுவது வழக்கம். சீசன் மாதங்களில் அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமாகவே அது வருவதும் உண்டு. ஞாயிறு மட்டும் வருபவருக்கும் அன்றைய பங்கு சேருமா என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வது நல்லது. துணைத் தொழிலுக்கு வர விரும்பும் அரச ஊழியர்களோ, வெளியில் ஊதிய வேலை செய்ய அரச சேவைக்கான தாபன விதிக்கோவையின்படி அனுமதி பெற வேண்டும்.

பெண்களும் போக்குவரத்தும்

இலங்கையில் உழைக்கும் வயதுப் பெண்களில் மூவரில் ஒருவர் அளவிலேயே தொழிற்படையில் இருக்கின்றனர். ஹோட்டல் துறையில் அவர்களின் பங்கு இன்னும் குறைவு. ‘ஹோட்டல் வேலை’ என்றாலே பெண்ணுக்குப் பொருந்தாது என்ற எண்ணம், இரவுப் பணி, தங்குமிடம் பற்றிய பயம் ஆகியவை தடைகள். பகல் 10 மணி முதல் 3 மணி வரையான அறைப் பணி இரவுக்கு முன்பே முடிந்துவிடுவதால், பல குடும்பங்களுக்கு இதுவே ஏற்கத்தக்க முதல் வாசல்.

அந்த வாசலைத் திறப்பதும் அடைப்பதும் பெரும்பாலும் பேருந்துதான். 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம், அதுவரை படகுப் பாதையை நம்பியிருந்த கிண்ணியாவை நகரோடு இணைத்தது. ஆனாலும் கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ நிலாவெளிக்கு இரவுப் பணிக்கு வருபவருக்குத் திரும்பிச் செல்ல வாகனம் வேண்டும். ஓட்டோவுக்குக் கொடுத்தால் கூலி கரைந்துவிடும். அயல் விடுதிகள் சில சேர்ந்து ஒரு வேன் ஒழுங்கு செய்வது எல்லாருக்கும் மலிவான வழி.

பயிற்சியும் தகைமையும்

1964இல் இலங்கை ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கிய இன்றைய சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் இத்துறையின் முதன்மைப் பயிற்சி நிலையம். துணைத் தொழில் செய்வோருக்கு நீண்ட பாடநெறியைவிடப் பயன்படுவது, செய்து பழகிய வேலையைச் சோதித்துத் தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ‘முன்கற்றல் அங்கீகாரம்’. பல சீசன்களாக அறைப் பணி செய்த ஒருவர் அதைக் கொண்டு அடுத்த விடுதியில் கூடிய சம்பளம் கேட்க முடியும். அவுஸ்திரேலிய அரசின் உதவியுடன் 2016இல் தொடங்கிய திறன் விருத்தித் திட்டமொன்று திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை மாவட்டங்களில் சுற்றுலாவைச் சார்ந்த தொழில்களுக்கு ஆட்களைப் பயிற்றியது. நிலாவெளி கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்து மாணவர்களும், விடுதிகளுக்கு அருகிலேயே இருப்பதால், பகுதிநேர உழைப்புக்கு ஏற்றவர்கள்.

பிற நாடுகளில்

பெல்ஜியம் 2015இல் உணவகத் துறைக்கென்றே ஒரு துணைத் தொழில் முறையை உருவாக்கியது. தொடக்கத்தில், வேறிடத்தில் ஐந்தில் நான்கு பங்கு நேரமாவது வேலை பார்ப்பவரே அதில் சேர முடிந்தது. முதலாளி அவருக்காகத் தனிச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்புச் செலுத்த வேண்டும். ஜப்பான் அரசு 2018இல் தன் மாதிரிப் பணிவிதிகளைத் திருத்தி, பக்கத் தொழிலுக்கு இருந்த தடையை நீக்கியது. அங்கு கைபேசிச் செயலி வழியே ஒரு நாள், சில மணி நேர வேலைக்கு ஆள் சேர்ப்பது பரவியுள்ளது. திருகோணமலையில் அந்த இணைப்பைச் செய்பவை தெரிந்தவர் மூலமான சொல்லும் வாட்ஸ்அப் செய்தியும்தான். பெல்ஜிய முறையில் இங்கு எடுத்துக்கொள்ளத்தக்கது, சில மணி நேர உழைப்பும் பதிவுக்குள் வருகிறது என்பதே.

குறைகளும் தேவைகளும்

நெகிழ்வு ஒரு பக்கத்துக்கு மட்டும் இருந்தால் இம்முறை சுரண்டலாகிவிடும். காலையில் வரச்சொல்லி, பயணிகள் குறைவென்று மதியம் திருப்பியனுப்புவது, வர முடியாது என்று ஒருமுறை சொன்னவரை அடுத்த முறை அழைக்காமல் விடுவது, நிரந்தர ஊழியரை நீக்கி அந்த இடத்தை நாட்கூலியால் நிரப்புவது ஆகியவை எங்கும் காணப்படும் ஆபத்துகள். இரண்டு வேலை பார்ப்பவரின் உடல் களைப்பும் கவனிக்க வேண்டியது. விடிய முன் கடலுக்குப் போய்வந்தவரை இரவு 11 மணிவரை அடுப்படியில் நிறுத்தக் கூடாது. அதோடு, ஒரு நல்ல சமையற்காரரையோ வரவேற்பாளரையோ ஞாயிறு உழைப்பால் ஈடுசெய்ய முடியாது. நிரந்தர ஊழியர் குழுவே விடுதியின் முதுகெலும்பு. துணைத் தொழில் அதன் மேல் வரும் பாரத்தைத் தாங்கும் தோள்.

இந்தத் தோள் தளராதிருக்கத் தேவைப்படுபவை பெரியவை அல்ல. மூன்று நாட்களுக்கு முன் அறிவித்தல், அழைத்துவிட்டுத் திருப்பியனுப்பினாலும் குறைந்தது அரைநாட் கூலி, வீடு சேர வாகனம், சேமலாப நிதி எண், பெயரும் நாளும் மணியும் எழுதிய ஒரு பதிவேடு. ஒரு சாதாரணக் கொப்பியில் கோடு போட்டாலே பதிவேடு ஆகிவிடும். ஞாயிறு மதியம் நான்கு அறைகளை மணலின்றித் துடைத்துக் கொடுத்தவரின் பெயர் அதில் இருந்தால், அடுத்த மே மாதம் அவரைத் தேடி அலைய வேண்டியிராது.