கங்கையின் நீரோட்டமும் இலீஷ் மீனும்

ஆற்றுநீர்ப் பங்கீட்டின் வரலாறு பெரும்பாலும் அரசுகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்நீரில் வாழும் மீனும், அதனை நம்பி வாழும் மீனவரும் அதில் இடம்பெறுவது அரிது. கங்கையில் பரக்கா அணைக்கட்டு எழுந்த வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

வங்காளியர் இலீஷ் என வழங்கும் மீன் கடலில் வளர்வது. முட்டையிடுவதற்காக நன்னீரை நாடி ஆற்றில் எதிரேறுவது. மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கழிமுகத்தில் உவர்ப்புக் குறையும்போது அதன் பெரும் பயணம் தொடங்கும். முற்காலத்தில் இம்மீன் கங்கை வழியே அலகாபாத்துக்கும் அப்பால் சென்றது.

1961இல் தொடங்கப்பட்ட பரக்கா அணைக்கட்டு 1975 ஏப்ரலில் இயங்கலாயிற்று. விநாடிக்கு 40,000 கன அடி நீரைக் கூக்ளி ஆற்றில் செலுத்திக் கல்கத்தாத் துறைமுகத்தில் படியும் வண்டலை அகற்றுவதே அதன் நோக்கமாகும். 109 வாயில்களையுடைய அவ்வணை எதிரேறும் மீனுக்குத் தடையாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் பக்சார், அலகாபாத் முதலிய இடங்களில் இலீஷ் கிடைப்பது மிக அருகிற்று. அணைக்குக் கீழேயோ, வறட்சிக் காலத்தில் ஆறு மெலிய, வங்காளதேசத்தின் தென்மேற்குப் பகுதியில் உவர்நீர் உட்புகுந்தது.

1996 டிசெம்பர் 12இல் இரு நாடுகளும் கைச்சாத்திட்ட 30 ஆண்டு உடன்படிக்கை, சனவரி முதல் மே வரையான நீரைப் பத்து நாட் கணக்கில் வகுத்தது. நீர்வரத்து 70,000 கன அடிக்கு மேற்படாதவிடத்து இரு நாடுகளுக்கும் சரிபாதி என்பது அதன் விதி. இலீஷ் பெருமளவில் எதிரேறும் மழைக்காலம் இக்கணக்குக்குப் புறம்பானது என்பது நோக்கற்பாலது.

மீன்வள முகாமைத்துவம் வேறு வழியிற் சென்றது. வங்காளதேச அரசு குஞ்சுமீன் பிடித்தலைத் தடைசெய்தது, சரணாலயங்களை வகுத்தது, முட்டையிடும் காலத்தில் 22 நாட்கள் மீன்பிடியை நிறுத்தி, மீனவருக்கு அரிசி வழங்கியது. 2002-03இல் ஏறத்தாழ 2 இலட்சம் தொன்னாக இருந்த அந்நாட்டின் இலீஷ் உற்பத்தி 2017-18இல் 5 இலட்சம் தொன்னைக் கடந்தது. ஆயின் இப்பெருக்கம் கடலுக்கும் கீழாற்றுக்கும் உரியது. அணைக்கு மேலுள்ள மீனவருக்கு அதனாற் பயன் விளையவில்லை. பராக்பூரிலுள்ள இந்திய மத்திய உள்நாட்டு மீன்பிடி ஆராய்ச்சி நிலையம் அண்மைக் காலத்தில் இலீஷ் மீன்களை அணைக்கு மேலே கொண்டுசென்று ஆற்றில் விட்டுள்ளது. தானே சென்ற மீனை மனிதர் சுமந்து செல்லவேண்டிய நிலை இது.

வலையைச் சட்டத்தால் அடக்கி மீனைப் பெருக்கலாம் என்பதற்குக் கீழாறு சான்று. வழி அடைபட்டவிடத்து அச்சட்டம் போதாது என்பதற்கு மேலாறு சான்று. நீர்ப்பங்கீட்டுக் கணக்கில் மீன் செல்லும் காலமும் வழியும் இடம்பெறும் வரை, மேலாற்று மீனவரின் இழப்புக்கு ஈடில்லை எனலாம்.