முத்திரையும் மெய்ப்பும்: எஞ்சின் எண்ணெய்ச் சேர்க்கைப்பொருள்களின் வரலாற்றிலிருந்து

எஞ்சின் எண்ணெயில் சேர்க்கைப்பொருள் கலப்பது என்றாலே ஏமாற்று என்று கருதுவது பிழை. துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவை அடங்கிய இசட்.டி.டி.பி. என்னும் சேர்மம் 1940களில் புழக்கத்துக்கு வந்து, இன்றுவரை உலோகத் தேய்மானத்தைக் குறைத்து வருகிறது. அது எண்ணெய் தயாரிப்பின்போதே அளவறிந்து கலக்கப்படுகிறது. தனிப் புட்டியில் விற்கப்பட்டு, வாகன உரிமையாளர் தாமே ஊற்றிக்கொள்ளும் சேர்க்கைப்பொருள் வேறு வகை. வழக்குகள் எழுந்தது இந்த இரண்டாம் வகையின் மீதுதான்.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 1947இல் எஞ்சின் எண்ணெய்களை வகைப்படுத்தத் தொடங்கியது. பின்னாளில் வந்த அதன் வட்ட முத்திரை, குறிப்பிட்ட கலவையில் அமைந்த எண்ணெய் குறிப்பிட்ட தர அளவுகளை நிறைவு செய்கிறது என்பதையே உணர்த்துகிறது. அந்த எண்ணெயில் மற்றொரு புட்டியைக் கவிழ்த்தபின் எஞ்சினில் ஓடுவது சோதிக்கப்பட்ட கலவை அன்று. எரிபொருள் சேர்க்கைப்பொருள்களிலும் இதே மயக்கம் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் பதிவு பெற்றிருப்பதைப் பயனுக்கான ஒப்புதலாகக் கொள்ள இயலாது.

1996இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 'ஸ்லிக் 50' நிறுவனத்தின் மீது குற்றஞ்சாட்டியது. சேர்க்கைப்பொருள் இல்லாத எஞ்சின்கள் இயங்கத் தொடங்கும் வேளையில் போதிய பாதுகாப்பின்றித் தேய்கின்றன என விளம்பரங்கள் அச்சுறுத்தின. உரிய எண்ணெயைப் பயன்படுத்தும் பெரும்பாலான எஞ்சின்களுக்கு அப்பாதுகாப்பு ஏற்கெனவே உண்டு என்பது ஆணையத்தின் வாதம். 1997இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.

2001இல் தொடுக்கப்பட்ட 'ஜீமேக்ஸ்' வழக்கு இன்னும் கூர்மையானது. அங்கே பயன்பட்ட எல்-38 என்பது, எண்ணெய் பேரிங்குகளை அரிமானத்திலிருந்து எவ்வளவு காக்கிறது என அளக்கும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை. வெளி ஆய்வகம் ஒன்று அதை முறைப்படி நடத்தியது. தனி எண்ணெயைவிட ஜீமேக்ஸ் கலந்த எண்ணெயில் அரிமானம் இருமடங்குக்கு மேல் இருந்ததாகவும், பாதகமான தரவுகளை நீக்கிய அறிக்கையையே விற்பனையாளர்கள் சான்றாகக் காட்டியதாகவும் ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2003இல் 10 லட்சம் டாலர் நுகர்வோர் இழப்பீட்டுடன் இவ்வழக்கும் உடன்பாட்டில் முடிந்தது.

இவ்வழக்கில் சோதனை முறையின் நம்பகத்தன்மை கேள்விக்கு உள்ளாகவில்லை. ஆய்வக மேசையிலிருந்து விளம்பரத் திரைக்குச் சென்ற வழியில் முடிவு மாறியது என்பதே குற்றச்சாட்டு. ஆகவே சான்றிதழை ஆவணமாக வாசிக்க வேண்டியுள்ளது. எந்தக் கலவை சோதிக்கப்பட்டது, எதனோடு ஒப்பிடப்பட்டது, எந்தப் பண்பு அளக்கப்பட்டது, முழுத் தரவும் வெளியானதா? அரிமானச் சோதனையில் ஒரு பொருள் நேர்மையாகவே தேறினாலும், அது எரிபொருளை மிச்சப்படுத்தும் என்பதற்கு அச்சோதனை சான்றாகாது. இக்கேள்விகளுக்கு விடை தரும் பொறுப்பு விற்பவருக்கே உரியது என்பதை இரு வழக்குகளும் நிலைநாட்ட முயன்றன. முத்திரையைக் கண்டதும் வாங்குபவர் கேள்வியை நிறுத்திக்கொண்டால், அந்தப் பொறுப்பு ஓசையின்றி அவர் தலையில் இறங்கிவிடுகிறது.