அநீதியான சட்டத்துக்கும் பணிய வேண்டுமா?

தத்துவம் என்றாலே வேலை வெட்டி இல்லாதவர்களின் வீண் பேச்சு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால், தத்துவத்தின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று உயிரைப் பணயம் வைத்துக் கேட்கப்பட்டது. அநீதியான சட்டத்துக்கும் மனிதன் பணிய வேண்டுமா என்பதே அக்கேள்வி.

கி.மு. 399-ஆம் ஆண்டு. நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்ற குற்றச்சாட்டின் பேரில், ஏதென்ஸ் நகரில் 70 வயது சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவரைத் தப்பிக்க வைக்க நண்பர் கிரிட்டோ சிறைக்கு வந்தார். சாக்ரடீஸ் மறுத்துவிட்டார். இந்நகரின் சட்டங்களின் நிழலில் வாழ்ந்து, பிள்ளைகளையும் வளர்த்துவிட்டு, தீர்ப்பு பாதகமானதும் ஓடுவது முறையா என்று கேட்டார். நஞ்சருந்தி மாண்டார்.

சிக்கல் இங்கேதான். தத்துவ விசாரணையைக் கைவிட்டால் விடுதலை என்று சொன்னாலும் பணிய மாட்டேன் என, தம் வழக்கின்போது உறுதியாகச் சொன்னவரும் அவரே. இரண்டையும் எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் பிளேட்டோ. அப்படியானால் சட்டத்துக்குப் பணிவதா, மீறுவதா?

இந்தக் கேள்வி தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் கைக்கு வந்தது. 1908-இல் சாக்ரடீஸின் வாதத்தைக் குஜராத்தியில் சுருக்கி, தமது 'இந்தியன் ஒப்பீனியன்' ஏட்டில் வெளியிட்டார். 1910-இல் பம்பாய் அரசு அந்நூலைத் தடை செய்தது. கிறிஸ்துவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற 1913-ஆம் ஆண்டு தீர்ப்பு, பெண்களையும் போராட்டத்தில் இறக்கியது. அவர்களுள் ஒருவர்தான் நம் தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் 16 வயதில் மறைந்தார். சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, மீண்டும் செல்லத் தயார் என்றார்.

1963-இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங்கும் சாக்ரடீஸை நினைவுகூர்ந்தார். அநீதியான சட்டத்தை மீறுபவர் அதை வெளிப்படையாக மீறி, தண்டனையை மனமுவந்து ஏற்க வேண்டும் என்றார். ஆக, மீறுவது வேறு, ஓடி ஒளிவது வேறு. சாக்ரடீஸின் இரண்டு நிலைகளும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன எனலாம்.

சரி, ஒரு சட்டம் அநீதியானது என்று யார் முடிவு செய்வது? ஆளுக்கொரு முடிவெடுத்தால் நாடு தாங்குமா? சட்டத்தை மீறுபவர் சொந்த நலனுக்காக அல்லாமல், மக்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் நீதியுணர்வை நோக்கியே முறையிட வேண்டும் என்று, 1971-இல் வெளிவந்த நூலில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் வாதிட்டார். அந்த நீதியுணர்வே பழுதுபட்டிருந்தால் என்ன செய்வது? விவாதம் இன்னும் முடியவில்லை. வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.