பண்டரிபுர யாத்திரை: சில சரித்திரச் செய்திகள்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் காலனியில் வீட்டுக்கு வீடு ஒரே யோசனைதான். நேரே ஊருக்குப் போவதா, அல்லது வழியில் ரேணிகுண்டாவில் இறங்கித் திருப்பதியைச் சேவித்துவிட்டுப் போவதா என்பதே அது. ஆனால் அதே சென்னை மார்க்கத்தில், புனேயை விட்டுப் புறப்பட்ட சில மணி நேரத்துக்குள் குர்துவாடி என்றொரு ஜங்ஷன் வருகிறது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் பண்டரிபுரம். இருபது முப்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழ்ந்தும் அங்கே ஒருமுறையேனும் இறங்கியிராத தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. "அது மராட்டியர் கோயிலாயிற்றே" என்பது நம்மவர் சொல்லும் சமாதானம். அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்ப்போம்.

அக்கோயிலில் 1237-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று இருக்கிறது. போசள மன்னன் வீர சோமேசுவரன் விட்டலனுடைய நிவேதனத்துக்காக ஒரு கிராமத்தை அளித்த செய்தியை அது கூறுகிறது. இந்தச் சோமேசுவரன் நமக்கு அந்நியனல்லன். திருவரங்கத்துக்கு அருகில், சமயபுரத்தையொட்டிய கண்ணனூரில் நெடுநாள் தங்கிச் சோழ பாண்டிய அரசியலில் பெரும் பங்கு கொண்டவன் அவனே. காவிரிக் கரையைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்ட ஒருவனின் பெயரைப் பீமா நதிக்கரையில் படிக்கிறோம். பிற்காலத்தில் தஞ்சையில் மராட்டிய அரசர் ஆண்டபோது, 1855 வரையில், வடக்கேயிருந்து கீர்த்தன மரபும் அபங்கமும் நம் நாட்டுக்கு வந்து, ஹரிகதையாகவும் பஜனையாகவும் வேரூன்றின. அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டாம். 1944-இல் வெளிவந்து சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட "ஹரிதாஸ்" படத்தின் கதை எங்கிருந்து வந்தது? பெற்றோர்க்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தவன், வாசலில் வந்து நின்ற இறைவனுக்கு ஒரு செங்கல்லை எறிந்து, சற்று அதன்மேல் நிற்கும்படி சொன்னானே, அந்தப் புண்டலீகன் கதைதான். தியாகராஜ பாகவதரைப் பார்த்து உருகிய நம் தாய்மார்கள் பண்டரிபுரத்தைத்தான் பார்த்தார்கள். பெயர் தெரியாமல் பார்த்தார்கள்.

அங்கே செல்வோர் ஒரு படியின்முன் நிற்காமல் வர இயலாது. அது நாமதேவர் படி. அடியார் திருவடி தம்மீது பட வேண்டும் என்று அவர் அங்கே அடங்கியதாக மரபு. அதற்கு எதிரே சோகாமேளரின் சமாதி. மஹார் குலத்தில் பிறந்த அவருக்கு வாழ்நாள் முழுவதும் கோயிலுள் இடமில்லை. 1338-இல் மங்களவேடையில் மதில் கட்டும் வேலையில் இருந்தபோது சுவர் இடிந்து இறந்தார். எலும்புகளிலிருந்து எழுந்த விட்டல நாமத்தைக் கேட்டு நாமதேவர் அவற்றை அடையாளம் கண்டு எடுத்து வந்தார் என்பர். நமக்கு உடனே நந்தனார் நினைவு வருகிறது. அவர் தீயிற் புகுந்து தில்லையின் உள்ளே சென்றார். இவர் எலும்பாக வந்தும் வாசலோடு நின்றார்.

அந்த வாசல் திறக்க அறுநூறு ஆண்டுகள் ஆயின. மதுரையில் 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதையர் அரிஜன அன்பர்களுடன் மீனாட்சியம்மன் கோயிலுள் சென்றார். பண்டரிபுரம் அதற்குப் பின்னும் மூடியே இருந்தது. 1947 மே முதல் நாள், பண்டரிபுரத்தின் கடும் வெயிலில், சானே குருஜி அவ்வூரில் உண்ணாவிரதம் தொடங்கினார். ஏறத்தாழப் பத்து நாட்கள் கழித்துக் கோயிலார் இணங்கினர். விடுதலைக்கு மூன்று மாதம் முந்திய செய்தி இது. "சியாமின் தாய்" எழுதிய அதே ஆசிரியர்தான் இவர். திருச்சிச் சிறையில் இருந்த காலத்தில் தமிழ் கற்று, பின்னர்த் திருக்குறளை மராத்தியில் தந்தவரும் இவரே. நம் குறளைப் படித்த ஒருவர் பட்டினி கிடந்து திறந்த கதவு அது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரேனும் சொல்லியிருக்கிறோமா? கோயில் நிர்வாகத்துக்கு 1973-இல் சட்டம் வந்தது. பரம்பரைப் பூசக உரிமை பற்றிய வழக்கு 2014-இல்தான் உச்சநீதிமன்றத்தில் முடிவுற்றது.

ரயில்வேயில் கணக்கெழுதுபவன் ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. குர்துவாடியிலிருந்து பார்சி நகருக்கு 1897-இல் இரண்டரையடி அகலத்தில் ஒரு சிறு பாதை போட்டவர் எவரார்ட் கால்திராப் என்ற ஆங்கிலப் பொறியாளர். பாரம் அச்சுக்கு ஐந்து டன்னுக்கு மேல் போகாதபடி வண்டிகளை அமைத்தது அவர் சாமர்த்தியம். (பிற்காலத்தில் விமானிகளுக்குப் பாராசூட் செய்தவரும் அவர்தான்!) 1906-இல் அப்பாதை பண்டரிபுரம் வரை நீண்டது. அதன் பின்னும் நடப்பவர்கள் நடந்துகொண்டேதான் இருந்தார்கள். பார்சி லைட் ரயில்வே 1954-இல் அரசாங்கத்துக்கு வந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதை அகலப்பாதையாகிவிட்டது. குட்டி வண்டி போயிற்று.

இனி நாம் எப்போது செல்வது? ஆஷாட ஏகாதசிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுகின்றனர். ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பல்லக்கும், தேஹுவிலிருந்து துக்காராமர் பல்லக்கும் புனேக்கு வந்து, ஒன்று பவானி பேட்டையிலும் மற்றது நானா பேட்டையிலும் தங்கிச் செல்வதை நாம் அறிவோம். 2020-இலும் 2021-இலும் நோய்க்கு அஞ்சிப் பாதுகைகளைப் பேருந்தில் கொண்டுபோனார்கள், மற்றபடி கால்நடைதான். அந்நாளில் குழந்தை குட்டிகளோடு செல்வது உசிதமன்று. வரிசை ஒரு நாளுக்கு மேலும் நீளும். திருவடியைத் தலையால் தொட்டு வணங்கும் வரிசை ஒன்று, முகத்தை மட்டும் தரிசிக்கும் வரிசை வேறொன்று. முதியோர்க்குப் பின்னதே நலம். நடந்தே வந்த வாரகரிகளிற் பலர் இரண்டிலும் நிற்பதில்லை. சந்திரபாகையில் நீராடி, நாமதேவர் படியைத் தொட்டு, கோபுரக் கலசத்தைப் பார்த்துக் கும்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மூன்று வாரம் நடந்தவர்கள் அதற்குமேல் கேட்காதபோது, வண்டியில் சென்றுவிட்டு வரிசையில் சண்டையிடும் நமக்குச் சற்று வெட்கமாயிருக்கிறது.

நமக்குப் பொருத்தம் கோடைதான். சைத்ர ஏகாதசிக் கூட்டம் கலைந்த பின், மே மாதத்து வார நாள் ஒன்றில், விடியற்காலையில் கோயிலை அடையும்படி திட்டமிடலாம். பகல் வெயில் பொல்லாதது. ஆற்றில் நீரும் குறைவு. குடிநீரைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். ஊருக்குப் போகும் குடும்பங்கள் ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்டு, தரிசனம் முடித்துக் குர்துவாடியிலேயே சென்னை வண்டியைப் பிடிக்கலாம். முன்பதிவு செய்யும்போது குர்துவாடியிலிருந்து தனிச் சீட்டாக எடுத்துக்கொள்க. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் பயண விவரங்களை நானே எழுதித் தருகிறேன். விரும்புவோர் பொங்கலுக்குள் சங்கக் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கவும்.