ப்ரவுனின் மூன்று கம்பங்கள்

ராடார் என்றதும் சுழலும் கிண்ணமே நம் நினைவுக்கு வரும். ஆனால் இன்றைய போர்க்கப்பல்கள் பலவற்றில் ராடார்த் தட்டுகள் அசைவதே இல்லை. அவற்றிலிருந்து புறப்படும் நுண்ணலைக் கற்றை மட்டும் கண்ணிமைப்பதற்குள் திசை மாறுகிறது. இந்த உத்தியின் தொடக்கத்தை 1905-இல், அன்று ஜெர்மனியின் வசமிருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் தேடவேண்டும்.

அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் ஃபெர்டினாண்ட் ப்ரவுன். பிற்காலத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு மூலமான எதிர்மின் கதிர்க்குழாயை 1897-இல் ஆக்கியவரும் அவரே. கம்பியில்லாத் தந்தியின் அலை எல்லாத் திசையிலும் சிதறி வீணாவதைத் தடுக்க எண்ணி, முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஆண்டெனாக் கம்பங்களை நட்டார். மூன்றுக்கும் ஒருசேர அலையை ஊட்டாமல், இடையில் மிகச் சிறிய கால வேறுபாடு வைத்தார். ஒரு பக்கத்தில் அலைமுகடுகள் ஒன்றுகூடி வலுத்தன. மறுபக்கத்தில் ஒன்றையொன்று அழித்து மெலிந்தன. ஊட்டும் முறையை மாற்றியதும் வலுத்த திசையும் மாறியது. கம்பம் எதுவும் நகரவில்லை. (வைக்கோலுக்கும் கூந்தலுக்கும் வழங்கிய 'கற்றை' என்ற சொல்லை இதற்கு நாம் எடுத்துக்கொண்டது எவ்வளவு பொருத்தம்! பல இழைகள் சேர்ந்தால்தானே கற்றை.)

1909-இல் மார்க்கோனியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ப்ரவுன், 1914-இன் இறுதியில் காப்புரிமை வழக்கொன்றில் சாட்சி சொல்ல நியூயார்க் சென்றார். எதிர்த்தரப்பு, மார்க்கோனியின் நிறுவனம். கடல்வழி பிரிட்டனின் பிடியில் இருந்தது. 1917-இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. ஊர் திரும்ப இயலாமலே 1918 ஏப்ரலில் புரூக்ளினில் காலமானார். அவ்வாண்டின் முடிவிற்குள் ஸ்ட்ராஸ்பூர்க் பிரான்சின் கைக்குப் போய்விட்டது.

அடுத்த போர் அவருடைய எண்ணத்தை நுண்ணலைக்குக் கொண்டுவந்தது. 1940-இல் பர்மிங்ஹாமில் ராண்டலும் பூட்டும் உருவாக்கிய மேக்னட்ரான் அதற்கு வேண்டிய ஆற்றலைத் தந்தது. கூர்மையான கற்றைக்கு நீண்ட ஆண்டெனா தேவை. விமானத்தின் அடியில் அத்தனை நீளத்தைச் சுழற்ற வழியில்லை. லூயி ஆல்வரெஸ் அதை இறக்கைபோல் அசையாமல் பொருத்தி, கற்றையை மட்டும் இடவலமாக வீசவைத்தார். 'ஈகிள்' எனப்பட்ட அந்தக் கருவியைக் கொண்டு 1945-இல் அமெரிக்க விமானங்கள் இரவில் ஜப்பானின் எண்ணெய் ஆலைகளைக் குண்டுவீசி அழித்தன.

ஒரே குழாயிலிருந்து எடுக்கக்கூடிய ஆற்றலுக்கு எல்லை உண்டு. வெப்பமும் மின்பொறியும் அதைக் கெடுத்துவிடும். எனவே ஃப்ளோரிடாவின் எக்ளின் தளத்தில், செயற்கைக்கோள்களைக் கண்காணிக்க எழுப்பிய ராடாரில் 5,000-க்கும் மேற்பட்ட அலைபரப்பிகளைத் தனித்தனியே வைத்தனர். அவற்றின் ஆற்றல் வெட்டவெளியில்தான் ஒன்றுசேர்கிறது. பணி முடியுமுன் 1965 ஜனவரியில் அது தீயில் அழிந்தது. மீண்டும் கட்டினார்கள்.