அசையாம படுங்க தாத்தா!

இந்த எபிசோடில் ஒரு கருவியோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். ஆனா கதை எங்க தாத்தாகிட்ட இருந்துதான் தொடங்குது.

சில வருஷங்களுக்கு முன்னாடி அவருக்கு மூளையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போனோம். பார்க்கின்சன் நோய். "அசையாம படுங்க தாத்தா"ன்னு டெக்னீஷியன் மூணு தடவை சொன்னார். நாலாவது தடவை தாத்தா சொன்னார்: "அசையாம படுக்க முடிஞ்சா நான் ஏன் தம்பி இங்க வர்றேன்?" கடைசியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தாங்க.

நடுக்கத்தைவிட அவரை அதிகமா வதைச்சது வேறொன்று. நல்லா நடந்து வருவார். நிலைவாசல் வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடும். பார்க்கின்சன் உள்ள பலருக்கு வர்ற அறிகுறிதான் இது. அந்த நொடியில் மூளைக்குள்ள என்ன நடக்குது? படுத்த நிலையில், மயக்கத்தில் எடுத்த படம் அதை எப்படிக் காட்டும்? நடக்கும்போது வர்ற நோயை நடக்கும்போதுதானே பார்க்கணும்?

இந்தக் கேள்வியோட தேடப் போனா, அது 140 வருஷம் பின்னாடி கொண்டு போய் விட்டது.

தராசில் படுத்த மனிதர்கள்

1880-களில் இத்தாலியின் டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மோஸ்ஸோ என்ற உடலியல் அறிஞர் ஒரு மரப்பலகையைத் தராசு மாதிரி நடுவில் தாங்கி நிறுத்தினார். அதில் ஒருத்தரைப் படுக்க வெச்சு, சமநிலைக்குக் கொண்டு வந்து, யோசிக்கச் சொன்னார். யோசிக்கும்போது மூளைக்கு ரத்தம் கூடுதலாப் போகும், தலைப்பக்கம் கொஞ்சம் தாழும் என்பது அவரோட கணக்கு. மூச்சு விட்டாலே தராசு ஆடும். அதனால் முதல் நிபந்தனை: அசையக் கூடாது.

1924-இல் ஜெர்மனியின் யேனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். அதுதான் இ.இ.ஜி. நம்பிக்கை வர அஞ்சு வருஷம் எடுத்துக்கிட்டு, 1929-இல்தான் வெளியிட்டார். அந்த அலைகளின் அளவு ஒரு வோல்ட்டில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. பல்லைக் கடிச்சாலோ கழுத்தைத் திருப்பினாலோ வர்ற தசை மின்சாரம் அதை மூழ்கடிச்சிடும். அங்கேயும் அதே நிபந்தனைதான்.

இதயம் மட்டும் சீக்கிரம் தப்பிச்சது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் மொன்டானாவில் நார்மன் ஹோல்ட்டர் சுமார் 38 கிலோ எடையுள்ள கருவியை முதுகில் சுமந்துக்கிட்டு, இயங்கிக்கிட்டே தன் இதயத் துடிப்பை ரேடியோவில் அனுப்பினார். இன்னைக்கு நம்ம ஊர் கார்டியாலஜிஸ்ட் 24 மணி நேரம் மாட்டி அனுப்புற ஹோல்ட்டர் கருவி அவர் பெயரில்தான் இருக்கு. இதயத்தின் சிக்னல் பெரிசு. மூளையோடது அப்படி இல்லை.

அரை டன் ஹெல்மெட்

மின்சாரம் ஓடுற இடத்தில் காந்தப்புலம் இருக்கும். மூளையிலும் உண்டு. ஆனா பூமியின் காந்தப்புலத்தோட ஒப்பிட்டா அது கோடிக்கணக்கான மடங்கு சிறியது. டேவிட் கோஹன் 1968-இல் பத்து லட்சம் சுற்று செம்புக் கம்பிச் சுருளை வெச்சு அதை அளந்து காட்டினார். 1972-இல் எம்.ஐ.டி.யில், காந்தத் தடுப்பு அறைக்குள்ளே, ஜேம்ஸ் ஸிம்மர்மேன் உருவாக்கிய ஸ்க்விட் என்ற உணரியை வெச்சுத் தெளிவாப் பதிவு செய்தார். இதுதான் எம்.இ.ஜி.

ஸ்க்விட் வேலை செய்ய மைனஸ் 269 டிகிரி குளிர் வேணும், அதுக்குத் திரவ ஹீலியம் வேணும். அந்தக் குளிர் தலையில் படாம இருக்க நடுவில் வெற்றிடச் சுவர் வேணும். இப்படி ஒவ்வொன்றாச் சேர்ந்து, அரை டன் எடையில், ஒரே அளவில், ஆடாம நிற்கிற ஹெல்மெட் ஆயிடுச்சு. பெரியவங்க தலைக்குச் செஞ்சது. குழந்தை உள்ளே வந்தா இடைவெளி கூடும், சிக்னல் குறையும். குழந்தை தலையைத் திருப்பினா எல்லாம் போச்சு.

ஒரு மென்பொருள்காரனா இது எனக்குப் பழகின தப்பு. சிஸ்டத்துக்கு வசதியா டிசைன் பண்ணிட்டு, "யூசர் சரியா நடந்துக்கலை"ன்னு எழுதி வைப்போம் இல்லையா? அதே கதைதான்.

ரூபிடியம் வந்த பிறகு

திருப்பம் 2018-இல் வந்தது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. குளிர்ச்சியே தேவைப்படாத உணரிகள். சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் ரூபிடியம் ஆவி, அதன் வழியா லேசர் ஒளி. காந்தப்புலம் மாறினா மறுபக்கம் வர்ற ஒளியின் அளவும் மாறும். இந்த உணரிகளை முப்பரிமாண அச்சில் செஞ்ச ஹெல்மெட்டில் செருகிட்டாங்க.

ஆனா ஒரு சிக்கல். காந்தப்புலம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தாத்தான் இந்த உணரி வேலை செய்யும். தடுப்பு அறைக்குள்ளேயும் பூமியின் புலம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். தலை அசைஞ்சா உணரிக்கு அது மாறிக்கிட்டே இருக்கும். இதுக்கு அவங்க, ஆளின் இரண்டு பக்கமும் கம்பிச் சுருள் பலகைகளை நிறுத்தி, மிச்சப் புலத்தை எதிர்ப்புலத்தால் அழிச்சாங்க. ஆளைக் கட்டுப்படுத்தறதுக்குப் பதிலா அறையைச் சரி பண்ணினாங்க. எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அந்தச் சோதனையில் கலந்துக்கிட்டவங்க தலையாட்டினாங்க, டீ குடிச்சாங்க, மட்டையால் பந்து தட்டினாங்க. அடுத்த வருஷமே இரண்டு வயசுக் குழந்தைக்கு சைக்கிள் ஹெல்மெட்டில் உணரிகளைப் பொருத்திப் பதிவு செய்தாங்க.

பெட் ஸ்கேனிலும் இதே மாற்றம். 2011-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம், எலி விழிச்சு நடமாடும்போதே அதன் தலையில் மாட்டக்கூடிய 250 கிராம் ஸ்கேனரைக் காட்டியது. கனமான கண்ணாடிக் குழாய்களுக்குப் பதிலா சிலிக்கான் சில்லுகளால் ஒளியை உணர முடிஞ்ச பிறகு, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மனிதர் தலைக்கே ஒன்று செஞ்சு, 2016-இல் முடிவுகளை வெளியிட்டாங்க. எடையைத் தலை தாங்காதுன்னு மேலிருந்து தொங்க விட்டிருந்தாங்க.

யாருடைய தலை?

அசைவோட பிரச்சினை முடியலை. இ.இ.ஜி. எடுக்கப் போனா "எண்ணெய் வெக்காம தலைக்குக் குளிச்சிட்டு வாங்க"ன்னு சொல்வாங்க, கேட்டிருப்பீங்க. உணரி தோலைத் தொட்டாத்தான் சிக்னல். அடர்ந்த சுருட்டை முடி உள்ளவங்களுக்கு அது சரியாப் படியாது. தரவு மோசம்னு அவங்களை ஆய்வில் இருந்தே விலக்கிடுவாங்க. கார்னகி மெல்லனில் படிச்ச ஆர்னெல் எட்டியன் இதைத் திருப்பிப் போட்டார். தலையை வகுப்பெடுத்துப் பின்னி, பின்னல்களுக்கு நடுவே தெரியுற தோலில், பின்னலையே பிடிமானமா வெச்சு நிற்கிற உணரியைத் தன் குழுவோட வடிவமைச்சார். 2020-இல் வெளியான வேலை. ஆடம்பரத் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. தலைமுடியைக் குறையா பார்க்காத ஒருத்தர் அங்கே இருந்தார், அவ்வளவுதான்.

அசையாதவங்க, கருவியின் அளவுக்குப் பொருந்துறவங்க, முடி படியிறவங்க. இவங்க மூளையில் இருந்துதான் "மனித மூளை"ன்னு நாம படிக்கிறதில் பெரும்பகுதி வந்திருக்கு. குழந்தைகள், வலிப்பு உள்ளவங்க, தாத்தா மாதிரி நடுக்கம் உள்ளவங்க அதில் கம்மி.

இன்னும் தூரம் இருக்கு. ரூபிடியம் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு தெருவில் நடக்க முடியாது, தடுப்பு அறை வேணும். பெட் ஸ்கேனுக்குக் கதிரியக்க மருந்தை உடம்பில் ஏத்தணும். ஆனா நிபந்தனை ஆள் மேலிருந்து கருவி மேல் மாறிடுச்சு.

தாத்தா போன வருஷம் தவறிட்டார். எங்க வீட்டு நிலைவாசலில் அவருக்காக அப்பா ஒட்டின வெள்ளை டேப் கோடுகள் இன்னும் இருக்கு. கோட்டைப் பார்த்தா கால் நகரும். ஏன் நகருதுன்னு அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே பார்க்கிற ஒரு கருவியை யாராவது செய்யணும். இதைக் கேட்கிறவங்களில் ஒருத்தரா இருந்தா இன்னும் சந்தோஷம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.