ஒரு சன்னது, இரண்டு பொருள்: வில்லியனூர், பாகூர் வரலாறு தரும் பாடம்

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வீட்டு வரி செலுத்தச் செல்பவர் தம்மையறியாமலேயே பல நாகரிகங்களின் சொற்களைப் பேசிவிட்டு வருகிறார். ‘கொம்யூன்’ பிரெஞ்சுச் சொல். ‘வசூல்’, ‘பாக்கி’, ‘அசல்’, ‘நகல்’ ஆகியவை அரபியிலிருந்து வந்தவை. ‘ரசீது’ பாரசீகம் தந்தது. ‘வரி’ நம் தமிழ். இச்சொற்கள் இன்று ஒரே மேசையில் இணக்கமாக வாழ்கின்றன. ஆனால் இவற்றைக் கொண்டுவந்த மக்கள் முதன்முதலில் சந்தித்தபோது, ஒரே சொல்லுக்கும் ஒரே செயலுக்கும் வெவ்வேறு பொருள் கொண்டார்கள். அந்த வேறுபாட்டின் விளைவை வில்லியனூர், பாகூர் மண் நெடுங்காலம் சுமந்தது.

அந்த உறவு நல்ல முறையிலேயே தொடங்கியது. 1740இல் மராத்தியப் படை கர்நாடகத்தின் மீது பாய்ந்தது. ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி தாமல்செருவுக் கணவாயில் கொல்லப்பட்டார். அவருடைய குடும்பத்தாரும் அவர் மருமகன் சந்தா சாகிபின் குடும்பத்தாரும் புதுச்சேரிக் கோட்டையில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு மராத்தியத் தளபதி ரகோஜி போன்ஸ்லே கேட்டபோது, பிரெஞ்சு ஆளுநர் துய்மா மறுத்துவிட்டார். அடைக்கலம் வந்தோரைக் கைவிடலாகாது என்பது எல்லாச் சமூகங்களுக்கும் விளங்கும் அறம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சிக்கல் நன்றிக்கடனைத் திருப்பிச் செலுத்தும்போது எழுந்தது. 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுப் படையின் துணையோடு வென்ற சந்தா சாகிபு, வில்லியனூர், பாகூர் பகுதிக் கிராமங்களைப் பிரெஞ்சுக் கும்பெனிக்கு வழங்கினார். முகலாய ஆட்சி மரபில் இத்தகைய கொடை ஓர் உறவின் அடையாளம். நிலத்தின் வருவாயைப் பெறும் உரிமை கொடுக்கப்படும். பெறுபவர் கொடுத்தவருக்கு விசுவாசமாகத் துணை நிற்க வேண்டும். ஆட்சி மாறினால் புதிய ஆட்சியாளரிடம் சன்னதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கும்பெனியார் அதே கொடையைத் தம் நாட்டு வழக்கப்படி நிலையான உடைமையாகக் கணக்கில் எழுதிக்கொண்டனர். கொடுத்தவர் உறவை எண்ணிக் கொடுத்தார். பெற்றவர் சொத்தை எண்ணிப் பெற்றார்.

‘கில்அத்’ எனப்படும் மரியாதை ஆடையும் அப்படியே. முகலாய அவையில் ஒருவர் அணிவிக்கும் ஆடையை ஏற்பது, அவருடைய மேன்மையை ஏற்பதாகும். அடுத்து வந்த ஆளுநர் துய்ப்ளேக்குத் தக்காண ஆட்சியாளர் முசாபர் ஜங் ஆடையும் பட்டங்களும் அளித்துச் சிறப்புச் செய்தார். பிரெஞ்சுத் தரப்பு அதைத் தன் மன்னரின் பெருமைக்குச் சான்றாகக் கண்டது. இரு தரப்பும் ஒரே அவையில் ஒரே நிகழ்ச்சியில் மகிழ்ந்தன. மகிழ்ச்சிக்கான காரணம்தான் வேறு.

இவ்விரு உலகங்களுக்கும் இடையே நின்றவர்கள் துபாஷிகள். இரு மொழி அறிந்தவர் என்பதே அச்சொல்லின் பொருள். நவாபுகளின் கடிதங்கள் பாரசீகத்தில் வந்தன. கும்பெனி பிரெஞ்சில் எழுதியது. சந்தை தமிழில் பேசியது. துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், யார் யாருக்கு என்ன வெகுமதி அனுப்பினார், எத்தனை குண்டு மரியாதைக்கு முழங்கியது என்பன போன்ற விவரங்கள் நிறைந்துள்ளன. இவை வீண் ஆடம்பரக் குறிப்புகள் அல்ல. அக்காலத்தில் வெகுமதியும் மரியாதையும் அரசியலின் மொழியாக இருந்தன. அம்மொழி தெரியாமல் வணிகம் நடத்த இயலவில்லை.

சந்தா சாகிபு 1752இல் கொல்லப்பட்டார். ஆங்கிலேயர் துணையோடு முகமது அலி நவாபானார். அத்துடன் பழைய கொடையின் பின்னிருந்த உறவு முறிந்தது. 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, 1749இன் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த இடங்களை மட்டுமே திருப்பித் தந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் சந்தா சாகிபு வழங்கியவை அதில் அடங்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1783இன் வெர்சாய் உடன்படிக்கையில் வில்லியனூரும் பாகூரும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. அவற்றைப் புதுச்சேரிக்குச் சேர்ந்த நிலமாகப் ‘பெற்றுத் தருவதாக’ ஆங்கில மன்னர் உறுதியளித்தார். நிலமோ ஆற்காட்டு நவாபின் ஆளுகைக்குரியது! உழுத குடியானவரிடம் எவரும் கேட்கவில்லை. வரியை வாங்கும் கை மட்டும் மாறிக்கொண்டிருந்தது. கிராமம் கிராமமாகக் கைமாறிய அவ்வரலாற்றின் தடமாக, புதுச்சேரி ஊர்களும் தமிழ்நாட்டு ஊர்களும் இன்றும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன.

பிற்காலப் பிரெஞ்சு ஆட்சி சற்றே பாடம் கற்றது. 1819 ஜனவரி 6இல் பிறந்த ஆணை, இந்தியர்கள் கிறிஸ்தவராயினும் முஸ்லிமாயினும் இந்துவாயினும் அவரவர் சட்டம், வழக்கப்படியே தீர்ப்புப் பெறுவர் என்றது. அவ்வழக்கங்களை எடுத்துரைக்க இந்தியர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு 1827இல் அமைந்தது. பின்னர் 1881 செப்டம்பர் 21இன் ஆணை, விரும்புவோர் தம் தனியுரிமைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வர வழி செய்தது. துறந்தபின் திரும்ப இயலாது. ஒரு கையொப்பம் திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் உரிய சட்டத்தையே தலைமுறைகளுக்கு மாற்றியது. தாளில் உள்ளதன் முழுப்பொருளை அறிந்து கையெழுத்திடுவது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மனிதரைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்கிறது திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம். அறிதல் தானாக வருவதில்லை, கற்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் சைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்தார்கள். அவரும் விரைவில் கற்று, அவர்களுக்கு எழுதும் கடிதங்களையும் அவர்களிடமிருந்து வரும் கடிதங்களையும் தாமே கையாண்டார். குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும், எழுதுபவர் நீதியோடு எழுதவும், சாட்சிகளை வைக்கவும் கட்டளையிடுகிறது.

இன்று நம் பிள்ளைகள் வளைகுடாவிலும் பிரான்சிலும் பணிபுரிகிறார்கள். ஊரில் இருப்போரும் வடமாநிலத்தாரோடும் வெளிநாட்டாரோடும் தொழில் செய்கிறார்கள். ஒருவரின் மௌனத்தைச் சம்மதமென்றும், ‘பார்க்கலாம்’ என்ற சொல்லை வாக்குறுதியென்றும் எடுத்துக்கொள்வது எளிது. குடும்பத்துக்குள்ளேயும் ‘நம்மவர்தானே’ என்று எழுதாமல் விட்ட பங்குத்தொகை, தந்தைக்குக் கடனாகவும் மகனுக்கு அன்பளிப்பாகவும் தோன்றிப் பிளவில் முடிகிறது. சந்தா சாகிபின் சன்னதுக்கு நேர்ந்ததும் இதுவே.

ஆகவே எதிரிலிருப்பவர் தம் சொல்லால் எதைக் குறிக்கிறார் என்று கேட்டறிவோம். நாம் குறிப்பதைத் தெளிவாகச் சொல்வோம். பேசியதை எழுதிக்கொள்வோம். அமானிதம் பேணும் மக்களாக வல்ல இறைவன் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக, ஆமீன்.